நாற்பத்தோராம் எண் கடிதம்

வெற்றிச்செல்வி கட்டட எஞ்ஜினியர். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடையின் மாடியில் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் செய்துவந்தாள். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. வீட்டுக்கு பிளான் போடுவாள், எஸ்டிமேட் எழுதுவாள், பேங்க் லோன் கேட்பவர்களுக்கு மதிப்பீடு செய்து கொடுப்பாள். கீழப்பழுவூரில் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த அமாவாசையின் மகள் என்று தெரிந்தவர்கள் சிலர், முதல் தடவை வரும்போது அவள் எதிரே நாற்காலியில் உட்காரவே தயங்குவார்கள். வேலை சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வருவார்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆரம்பத்தில் ஒருவர் மாடிப்படியை வலப்பக்கம் போடச் சொல்லிவிட்டு, கட்டி முடித்த பிறகு, "நான் எப்பம்மா சொன்னேன்?" என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டார். அதிலிருந்து யாரிடம் என்ன பேசினாலும் அன்றைக்கே அதைக் கடிதமாக டைப் அடித்து, வரிசை எண் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவாள். ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் கடிதத்தின் நகலோடு சேர்த்துக் குத்தி வைப்பாள். பேச்சு எப்படி மாறினாலும் காகிதம் மாறாது என்று நம்பினாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் வேணுகோபால் அவளைத் தேடி வந்தார். பாடாலூர்ப் பக்கம் ஜல்லி கிரஷர் வைத்திருப்பவர். அதோடு ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடமும் நடத்தினார். முந்தின வருஷம் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்துப் பிள்ளைகள் செத்ததற்குப் பிறகு, எல்லாத் தனியார் பள்ளிகளிடமும் கட்டடம் உறுதியாக இருக்கிறதென்று எஞ்ஜினியர் சர்டிபிகேட் கேட்டார்கள். அதற்காகத்தான் வந்திருந்தார்.

"ஒரு கையெழுத்துதான் மேடம். நீங்க நேரா வரணும்னுகூட இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

"பாக்காம போட மாட்டேன் சார். நாளைக்குக் காலையில வரேன்."

பள்ளிக்கூடம் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, சுற்றிலும் பருத்திக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது. முன்கட்டடம் பழசு, ஆனால் நன்றாக இருந்தது. பின்கட்டடத்தில் கீழே மூன்று வகுப்பு, மேலே மூன்று வகுப்பு. மேல்மாடி கட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் மட்டும் நூற்றிருபது பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். லீவு என்பதால் அன்றைக்கு யாரும் இல்லை. ஆயா காத்தாயி மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கோடி வகுப்பின் கதவைச் சாத்திப் பார்த்தாள் வெற்றிச்செல்வி. நிலையில் இடித்துக்கொண்டு நின்றது.

"அது மூடாதும்மா" என்றாள் காத்தாயி. "தை மாசத்துல நல்லாத்தான் சாத்துச்சு. ரெண்டு தடவ ஆசாரிய வச்சு எழைச்சாச்சு. மறுக்கா மறுக்கா இடிக்குது."

வெற்றிச்செல்விக்கு முதல் பயம் அங்கேதான் வந்தது. கதவு வளரவில்லை, நிலைதான் சாய்கிறது. வெளியே போய்ச் சுவரைப் பார்த்தாள். ஜன்னல் மூலையிலிருந்து மேல்தளம் வரைக்கும் படிப்படியாக ஒரு விரிசல் ஏறியிருந்தது. புதுசாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பூச்சும் விரிந்திருந்தது. கையிலிருந்த இரும்பு ஸ்கேலை நுழைத்தாள். தடையில்லாமல் உள்ளே போனது.

காசு கொடுத்து ஆள் வைத்து மூலையில் குழி எடுக்கச் சொன்னாள். அஸ்திவாரம் மூன்றடிதான் போயிருந்தது. அதற்குக் கீழே முழுக்கக் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும் மண். கெட்டித் தரை ஆறடிக்கும் கீழே கிடந்தது. ஒற்றைத் தளத்துக்கே போதாத அஸ்திவாரத்தின் மேல் இரண்டாவது தளம் நின்றுகொண்டிருந்தது.

விரிசல் பழசா, இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டும். குறுகலான நாலு கண்ணாடிப் பட்டைகளை விரிசலுக்குக் குறுக்கே வைத்துப் பூசி ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் சொல்லும்படி காத்தாயியிடம் ஆபீஸ் போன் நம்பரைக் கொடுத்தாள். "மூணு வாரம் குடுங்க சார்" என்று வேணுகோபாலிடம் சொன்னாள். அவரும், "அதுக்கென்ன" என்றார்.

பதினோராம் நாள் ஆபீசுக்கு போன் வந்தது. காத்தாயி ஏதோ கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து பேசினாள்.

"அம்மா, ஓங் கண்ணாடி ரெண்டு ஒடஞ்சு கெடக்கும்மா. யாரும் தொடல. நாந்தான் தெனமும் பாத்துக்கிட்டிருக்கேன்."

வெற்றிச்செல்வி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவதும் நடுவில் கீறியிருந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வேணுகோபால் கிரஷர் ஆபீசில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பசங்க கை வச்சிருப்பானுவ மேடம்" என்றார்.

"லீவுல ஏது சார் பசங்க?"

அவர் பொறுமையாகப் பேச ஆரம்பித்தார். "கரிச மண்ணுல எந்த வூட்டுல வெடிப்பு இல்ல, சொல்லுங்க. எங்க வூட்டுலயே இருக்கு. நாப்பது வருஷமா நிக்குது. மழ பேஞ்சா தானா மூடிக்கும்."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மூடிக்கொள்ளவும் கூடும். பத்து வருஷம் ஒன்றும் ஆகாமல் நிற்கவும் கூடும். அவள் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் ஒரு பள்ளிக்கூடத்தை வீணாக இழுத்து மூடியவள் ஆவாள். ஆனால் சுவர் பதினோரு நாளில் நகர்ந்திருந்தது. அதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

"சார், நான் மாட்டேன்னு மட்டும் சொல்ல வரல. முன்கட்டடத்துக்கு இன்னிக்கே சர்டிபிகேட் தரேன். பின்கட்டடத்த இப்போதைக்குப் பூட்டி வைங்க. பிள்ளைகளக் காலையில பாதி, மதியானம் பாதின்னு முன்னால உக்கார வைக்கலாம். மேல்மாடிய எடுத்துட்டு, அஸ்திவாரத்தப் பலப்படுத்த நான் டிராயிங் போட்டுத் தரேன்."

"எனக்கு மொத்தத்துக்கும் வேணும்."

"மொத்தத்துக்கும் என்னால முடியாது சார்."

அவர் குரல் மாறவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை மூடி வைத்தார். "உங்க பாப்பா ஒண்ணாவது போவுதுல்ல? டவுன்ல? வேன்லதானே போவுது?"

அவ்வளவுதான் கேட்டார். வெற்றிச்செல்வி, "வரேங்க சார்" என்று எழுந்து வந்தாள். ஸ்கூட்டியை உதைக்க மூன்று தடவை முயன்றாள். பிறகுதான் சாவி போடவில்லை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் கடிதம் டைப் அடித்தாள். விரல்கள் தப்புத் தப்பாக விழுந்தன. நாலு காகிதம் கிழித்துப் போட்ட பிறகு ஐந்தாவது சரியாக வந்தது. பின்கட்டடத்துக்கு உறுதிச் சான்று தர இயலாது, காரணங்கள் இவை, பிள்ளைகளை மேலே உட்கார வைக்க வேண்டாம். எண் 41/2005. கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாள்.

அவள் கணவன் மகேஷ் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அரியலூர் டிரிப் முடித்து வந்தவன் கடிதத்தை வாங்கிப் படித்தான்.

"இத எதுக்குச் செல்வி அனுப்பணும்? கையெழுத்துப் போடாம வுட்டுட்டா போதும்ல? நீ போடலன்னா வேற யாராச்சும் போட்டுட்டுப் போறாங்க."

"நான் சொன்னேன்னு எழுத்துல இருக்கணுங்க. நாளைக்கி எதாச்சும் ஆச்சுன்னா, எஞ்ஜினியரம்மா ஒண்ணும் சொல்லலையேம்பாரு."

"நாளைக்கி நம்ம பாப்பாவுக்கு எதாச்சும் ஆச்சுன்னா?"

ஆனாலும் காலையில் அவள் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டாள். இனிமேல் பாப்பாவுக்கு வேன் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். பள்ளி திறந்ததும் மகேஷ் டியூட்டி இல்லாத நாளில் அவன் கொண்டுபோய் விடுவதென்றும், மற்ற நாளில் அவள் விடுவதென்றும் முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. ஒப்புகை அட்டை வந்தது. வேணுகோபால் போன் செய்யவில்லை, ஆள் அனுப்பவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஒருநாள் சிறுவாச்சூரிலிருந்து வரும்போது ஒரு டிப்பர் லாரி அவள் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓரம் ஒதுங்கினாள். அதுவும் வேகத்தைக் குறைத்தது. மறுபடி கிளம்பினாள். மறுபடி ஹாரன். ஒரு டீக்கடை வந்ததும் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய் நின்றாள். லாரி அது பாட்டுக்குப் போய்விட்டது. டிரைவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெடுஞ்சாலையில் ஆயிரம் டிப்பர் ஓடுகிறது, அது யாருடையதோ. டீக்கடைக்காரர், "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டு டம்ளரை நீட்டினார்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது கல்வி ஆபீசிலிருந்து போன் வந்தது. குழந்தைவேல் என்ற கிளார்க் பேசினார். ஒரு பேங்க் மதிப்பீட்டு விஷயத்தில் ஏற்கெனவே அவளுக்கு அறிமுகமானவர்.

"மேடம், ஒண்ணுமில்ல, சின்ன திருத்தம். பாடாலூர் ஸ்கூலுக்கு நீங்க குடுத்த சர்டிபிகேட்ல மொத்தம் எத்தன வகுப்பறைன்னு போடல. வந்து ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போனீங்கன்னா ஃபைல முடிச்சிருவேன்."

"நான் குடுத்ததா?" என்றாள்.

"ஆமா மேடம். உங்க சீல்தான் இருக்கு."

அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது ஞாபகமே வரவில்லை. குழந்தைவேல் ஃபைலைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். அவளுடைய லெட்டர்ஹெட். அவளுடைய முத்திரை. வெற்றிச்செல்வி என்று, கடைசி எழுத்தின் வாலை அவள் இழுக்கும் மாதிரியே இழுத்த கையெழுத்து. நடுவில் மட்டும், இரண்டு கட்டடங்களும் நல்ல உறுதியோடு உள்ளன என்று இருந்தது. மேலே எண் 41/2005.

புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. அவள் அனுப்பிய கடிதத்தையே எடுத்து, உள்ளே இருந்த விஷயத்தை மறைத்து, வேறு விஷயம் அடித்து, எங்கோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கலரில் நகல் எடுத்திருந்தார்கள். மேலே இருந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தன்னைக் காப்பாற்றும் என்று அவள் பதிவுத் தபாலில் அனுப்பிய கையெழுத்தும் முத்திரையும்தான் அவளுக்கு எதிராக அங்கே கிடந்தன.

"என்ன மேடம்? உங்களோடதுதானே?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தைவேல் பேனாவைத் திறந்து நீட்டியிருந்தார். ஒரு வரி எழுதினால் முடிந்துபோகும். எழுதாமல், "உடம்பு சரியில்ல, அப்புறம் வரேன்" என்று எழுந்து போனாலும்கூட முடிந்துபோகும். பாப்பாவின் முகம் வந்தது. இடிக்கிற அந்தக் கதவு வந்தது. நாளை மறுநாள் நூற்றிருபது பிள்ளைகள் படியேறி மேலே போவார்கள். சர்டிபிகேட்டின் அடியில் இருப்பது அவள் பேர்.

"இது என்னோடது இல்லைங்க" என்றாள். குரல் அவ்வளவு சின்னதாக வந்ததில் அவர், "என்ன சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டார்.

"நான் இதக் குடுக்கல. இதே நம்பர்ல நான் குடுத்தது வேற. நகல் இருக்கு. இருங்க, கொண்டு வரேன்."

போய் எடுத்து வந்தாள். நகலையும் ஒப்புகை அட்டையையும் பார்த்துவிட்டு குழந்தைவேல் அதிகாரியின் அறைக்கு அழைத்துப் போனார். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"நம்பர் ஒண்ணு, தேதி ஒண்ணு, விஷயம் ரெண்டு" என்றார். "உங்க பேர்ல போர்ஜரி பண்ணியிருக்காங்கம்மா. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கிறீங்களா?"

வெற்றிச்செல்வி வேண்டாமென்று தலையசைத்தாள். "சார், இது என் சர்டிபிகேட் இல்லைன்னு எழுதிக் குடுக்குறேன். அந்தக் கட்டடத்துல பிள்ளைகள உக்கார வைக்கக் கூடாதுன்னும் எழுதிக் குடுக்குறேன். அதுக்கு மேல... எனக்குச் சின்னப் புள்ள இருக்கு சார்."

அவர் வற்புறுத்தவில்லை. மறுநாளே ஆய்வுக்கு ஆள் போனது. பின்கட்டடத்தைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

பள்ளி திறந்த நாலாம் நாள் மத்தியானம் வேணுகோபால் அவள் ஆபீசுக்கு வந்தார். கூட இரண்டு பேர். மூவரும் உள்ளே வந்ததும் அறையில் நிற்க இடமில்லை.

"உக்காருங்க சார்" என்றாள் வெற்றிச்செல்வி.

"உக்கார வரல. அறுவது பேரு டி.சி. வாங்கிட்டுப் போயிட்டான். ஊருக்குள்ள என்னப் பாத்துச் சிரிக்கிறான். உன் ஒரு கடுதாசியால." மேடம் என்பது போய் நீ என்று ஆகியிருந்தது.

கூட வந்தவர்களில் ஒருவன் கதவைச் சாத்தினான்.

இந்த நாளுக்காக மனசுக்குள் எத்தனையோ தடவை பேசிப் பார்த்திருந்தாள். கோபமாகவும், அழுதும், கெஞ்சியும். இப்போது வாயில் வந்தது, எந்த வாடிக்கையாளரிடமும் பேசுகிற அதே பேச்சுதான்.

"கதவத் தெறந்து வைங்க சார். கீழ கடையில ஆள் இருக்காங்க, தெறந்திருந்தா எல்லாருக்கும் நல்லது."

வேணுகோபால் திரும்பிப் பார்க்காமல் கையசைத்தார். கதவு திறந்தது.

"முன்கட்டடத்துக்கு அன்னிக்கே தரேன்னு சொன்னேன் சார். நீங்க வேண்டாம்னீங்க. இனிமே உங்க வேலைய என்னால பண்ண முடியாது. வேற நல்ல எஞ்ஜினியரப் பாருங்க. நான் எடுத்த அளவு, குழி எடுத்த விவரம் எல்லாம் இந்தக் கவர்ல இருக்கு. அவர்கிட்டக் குடுங்க, அவருக்கு ஒதவும்." கவரை மேஜையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள். அது கோணலாகப் போய் நின்றது.

அவர் கவரைத் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். ரிப்பன் கட்டிய பாப்பா.

"நல்லாருக்கு பாப்பா" என்றார். "அம்மா ஜாடை."

மூவரும் படியிறங்கிப் போனார்கள். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்தாள். போட்டோவைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கவரைப் பார்த்தபோது அது மேஜையில் இல்லை. கூட வந்தவன் எப்போது எடுத்தான் என்று அவள் கவனிக்கவில்லை.

அடுத்த மாதங்களில் அவளுக்கு வேலை குறைந்தது. அந்தம்மா கவர்மென்ட்டுக்குப் போட்டுக் கொடுக்கும் என்று பேச்சு பரவியிருந்தது. பாதி பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலை வேறு ஆளிடம் போனது. மகேஷ் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் பாப்பாவைக் கூப்பிட்டு வர ஐந்து நிமிஷம் தாமதமானாலும் அவன் போன் வந்துவிடும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பாப்பா மட்டும், "ஏம்மா நான் வேன்ல போகக் கூடாது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நவம்பரில் மழை பிடித்தது. அந்த வருஷம் போல மழையை அவள் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை காத்தாயி போன் செய்தாள். அழுதாளா, மழைச் சத்தமா என்று தெரியவில்லை.

"அம்மா, பின்னால மேல கைப்புடிச் சொவரு வுழுந்துடுச்சும்மா. முற்றத்துல அப்புடியே கெடக்கு. நான் அந்தால சட்டி கழுவப் போயிருப்பேன்..."

"பிள்ளைங்க?"

"மழ லீவும்மா. யாரும் இல்ல."

வெற்றிச்செல்விக்கு அங்கே போகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மகேஷும் அதையேதான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே குடையை எடுத்துக்கொண்டு கூட வந்தான். பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

மேல்மாடிக் கைப்பிடிச் சுவர் முழுசாகப் பெயர்ந்து, பிள்ளைகள் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிற முற்றத்தில் விழுந்திருந்தது. கட்டடத்தின் மூலை பிரிந்து, இடைவெளியில் ஒரு முழங்கை போகும்போல் இருந்தது. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. வெற்றிச்செல்வி அதைப் பார்த்தாள். தான் சொன்னது சரியாகிவிட்டது என்ற எண்ணம் வரவேயில்லை. அன்றைக்குக் கல்வி ஆபீசில் பேனாவை வாங்கியிருந்தால் என்றுதான் நினைத்தாள். வேலியோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். மகேஷ் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

ஜீப் வந்து நின்றது. வேணுகோபால் தனியாக வந்திருந்தார். குடை இல்லை. அவளைப் பார்த்ததும் நின்றார். மகேஷ் ஒரு அடி முன்னால் வந்தான்.

ஆனால் அவர் அவர்கள் பக்கம் வரவில்லை. முற்றத்தில் கிடந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. "என் பேத்தியும் போன வருஷம் மேலதாங்க உக்காந்தா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அவளைப் பார்த்தார். "இப்ப என்னங்க பண்றது?"

வெற்றிச்செல்விக்கு அவரிடம் பயம் போகவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும்.

"கரண்ட் மெயின முதல்ல நிறுத்துங்க. கட்டடத்தச் சுத்தி முப்பதடிக்கு யாரையும் வுடாதீங்க, உள்ள இருக்கிற சாமான எடுக்கக்கூட ஆள் போகக் கூடாது. மழ நின்னு மண்ணு காஞ்சதும் மேலேருந்து கொஞ்சங் கொஞ்சமா பிரிச்சு எடுக்கணும். பொக்லைன் வச்சு இடிச்சா முன்கட்டடமும் சேந்து வரும்."

அவர் தலையாட்டினார். காத்தாயியைக் கூப்பிட்டுக் கயிறு கொண்டு வரச் சொன்னார். அவரே ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டப் போனார். முடிச்சு விழவில்லை. மகேஷ் போய்க் கட்டிக் கொடுத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வெற்றிச்செல்வி மகேஷின் கையைப் பிடித்தாள். லாரி முந்திக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகும் பெரம்பலூர் வரும்வரை அவள் கையை விடவில்லை.